கூடவே வந்து நிற்கும் மூன்று வயது, கூப்பிட்டாலும் வராத ஏழு வயது

நீங்கள் கேட்டிருப்பது இது: மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. எந்த வயதில் எந்த வீட்டு வேலையைக் கொடுக்கலாம், செய்த வேலைக்குக் காசு கொடுக்கலாமா? ஆனால் கேள்விக்கு நடுவே இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். சின்னவள் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு இருக்கிற குப்பையையும் இறைத்துவிடுகிறாள். பெரியவன் நான்கு முறை கூப்பிட்டாலும் அசைவதில்லை. என் பதில் பெரும்பாலும் அந்த இரண்டு வரிக்குத்தான். வயதுவாரிப் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. அதைச் சுவரில் ஒட்டி வைத்த பிறகும் வேலை நடக்கவில்லை என்றால் காரணம் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. சின்னவளிடம் இப்போது இருக்கும் ஆசை பெரியவனிடமும் மூன்று வயதில் இருந்திருக்கும். அது எங்கே போயிற்று, இவளிடம் போகாமல் எப்படிக் காப்பது, அவனிடம் எப்படி மீட்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பேசுவது சிறுவர்களுக்கான ஆக்குபேஷனல் தெரபியின் பக்கத்திலிருந்து. அன்றாட வேலைகளைக் கை, கண், கவனம் என்று பிரித்துப் பார்த்துப் பழக்குவதுதான் அந்தத் துறையின் வேலை.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. சின்னக் குழந்தைக்கு உதவும் எண்ணத்தை நாம் ஊட்ட வேண்டியதில்லை. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள் முன்பின் பழகாத பெரியவருக்கு உதவின. கைதவறி விழுந்ததை எடுத்துக் கொடுத்தன. இரு கையும் நிறைந்திருப்பவருக்கு அலமாரிக் கதவைத் திறந்துவிட்டன. யாரும் கேட்கவில்லை, பரிசும் இல்லை. அதே இருவர் 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், உதவிக்குப் பரிசாகப் பொருள் பெற்ற குழந்தைகள் பிறகு பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாக உதவின. காசைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

அப்படியானால் ஆசை எப்படித் தேய்கிறது? பெரும்பாலும் நம் அவசரத்தால். "நீ போய் விளையாடு, அம்மா முடிச்சிட்டு வரேன்" என்று அன்போடுதான் அனுப்புகிறோம். நூறு தடவை அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை, வீட்டு வேலை தன் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்ற முடிவுக்கு நியாயமாகவே வருகிறான். ஏழு வயதில் திடீரென்று "இவ்வளவு பெரியவனாகிட்டே, ஒரு வேலை செய்யறியா?" என்று கேட்டால் அவனுக்கு அது புது விதி. இன்னொரு காரணமும் உண்டு: எடுபிடி வேலை. அதை எடுத்து வா, இதைக் கொண்டுபோய் வை என்று பிறர் வேலையின் நடுத்துண்டுகளை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் எந்த வேலையும் பிள்ளையுடையதாக ஆவதில்லை. மெக்சிகோவின் குவாடலஹாரா நகரத்துக் குடும்பங்களைப் பற்றி உளவியலாளர் பார்பரா ரோகோஃபும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் எழுதினார்கள். பழங்குடி மரபுத் தொடர்ச்சியுள்ள குடும்பங்களின் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வீட்டு வேலையில் இறங்குவது, நெடுங்காலப் பள்ளிப்படிப்புள்ள குடும்பங்களின் பிள்ளைகளைவிட மிக அதிகம். தாய்மாரின் பேச்சை வைத்து எழுதப்பட்டது அது. சின்ன வயதில் சேர்த்துக்கொண்டதுதான் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் நடைமுறையில் காண்பதோடு ஒத்துப்போகிறது.

மூன்று வயதுக்காரியிடமிருந்து தொடங்குவோம். இந்த வயதில் குழந்தை வேலையைக் கெடுப்பதாகத் தெரிவதில் பாதிக்கு மேல் கருவியின் கோளாறு. தரையில் தண்ணீர் கொட்டிவிட்டது, துடைக்கத் துணி கொடுக்கிறீர்கள். பெரிய துணி, அதுவும் ஏற்கெனவே ஈரம். அவள் அதை உள்ளங்கையால் முன்னே தள்ளுகிறாள், தண்ணீர் அறை முழுவதும் பரவுகிறது. துணியைப் பிழிய இரண்டு மணிக்கட்டும் எதிரெதிராகத் திரும்ப வேண்டும். அந்த வலு மூன்று வயதில் கிடையாது. கைக்குட்டை அளவில், ஒரு பக்கம் 20 முதல் 25 சென்டிமீட்டர் இருக்கும் காய்ந்த பருத்தித் துணியைக் கொடுங்கள். "தண்ணி மேல போடு. கையால அமுக்கு. உன் பக்கம் இழு." ஒரு நேரத்தில் ஒரு சொல், சொல்லி முடித்ததும் உங்கள் கை செய்து காட்ட வேண்டும். வாய் பேசும்போது கை நிற்கட்டும், கை காட்டும்போது வாய் நிற்கட்டும். இரண்டும் சேர்ந்தால் இந்த வயது இரண்டையும் தவறவிடும். நனைந்த துணியைக் கூடையில் போட்டுவிட்டு இரண்டாவது காய்ந்த துணியை அவளே எடுக்கட்டும். பிழியும் வேலை கிடையாது. மூன்று துணியில் தரை காய்ந்துவிடும், அவள் வேலையைத் தலை முதல் வால் வரை தானே செய்திருப்பாள்.

துடைப்பமும் அப்படித்தான். பெரியவர்கள் துடைப்பத்தின் பிடி அவள் தலைக்கு மேலே ஆடும், பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும். பிடி அவள் நெஞ்சுக்கும் தாடைக்கும் இடையில் முடிய வேண்டும். தரையில் சாக்பீஸால் 30 சென்டிமீட்டர் கட்டம் ஒன்று போட்டு, குப்பையை அதற்குள் தள்ளச் சொல்லுங்கள். "பெருக்கு" என்றால் அவளுக்குக் கையை வீசுவது. கட்டம் இருந்தால்தான் போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறது, இறைப்பது குறைகிறது. முறத்தை இப்போது கொடுக்காதீர்கள். ஒரு கை அசையாமல் பிடிக்க, மறு கை தள்ள வேண்டிய வேலை அது. நீங்கள் பிடியுங்கள், அவள் தள்ளட்டும்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, அழுக்குத்துணியைக் கூடையில் போடுவது, கைக்குட்டை மடிப்பது எல்லாம் இந்த வயதுக்குப் பொருந்தும். ஊற்றும் குவளை 250 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம், நிரப்ப வேண்டிய அளவில் வண்ண நாடா ஒட்டுங்கள். மடிக்கும் துணியின் நடுவே வண்ண நூலால் ஒரு தையல் ஓட்டிவிட்டால் அந்தக் கோட்டில் மடிப்பாள். 1907-இல் ரோம் நகரில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் வழிவந்த வகுப்பறைகளில் இன்றும் இருக்கும் உத்தி இது, வீட்டில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஒரு வேலை இரண்டு முதல் ஐந்து நிமிடம். நடுவில் விட்டுவிட்டு ஓடினால் ஓடட்டும். இரண்டரை வயதில் பொதுவாக இரண்டு படிக் கட்டளை பிடிபடும், "பொம்மையை எடுத்து கூடையில போடு" என்பது போல. மூன்றாவது படியைச் சேர்த்தால் முதல் படி மறந்துபோகும். அதை அடம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஏழு வயதுக்காரன் வேறு கதை. "ரூமை சுத்தம் பண்ணு" என்பது நமக்கு ஒரு வேலை, அவனுக்குப் பதினைந்து வேலை. எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்று அந்தச் சொல்லில் இல்லை. தரையில் கிடக்கும் துணி, பிறகு புத்தகம், பிறகு பொம்மை, கடைசியாகக் குப்பை என்று வகைவகையாகச் சொல்லுங்கள். சுத்தமாக இருக்கும்போது அறையை ஒரு படம் எடுத்து அவன் கண் உயரத்தில் ஒட்டிவிட்டால், முடிந்ததா இல்லையா என்ற வழக்கு உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் நடக்காது. அவனுக்கும் படத்துக்கும் நடுவில் நடக்கும்.

மறுக்கும் பிள்ளைக்கு எங்கள் துறையில் ஒரு நல்ல வழி உண்டு: கடைசிப் படியிலிருந்து தொடங்குவது. பாத்திரம் கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை வழித்துக் கொட்டுவது, சோப்புப் போடுவது, அலசுவது, துடைத்து அடுக்குவது என்று நான்கு படி. முதல் வாரம் மூன்று படியை நீங்கள் செய்துவிட்டு, துடைத்து அடுக்குவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அடுத்த வாரம் அலசலும் அவனுடையது. பிறகு சோப்பு, கடைசியாக வழித்துக் கொட்டுவது. எந்த நாளிலும் வேலையை முடித்து வைப்பவன் அவன்தான். பாதியில் தோற்றுப்போகும் கட்டம் அவனுக்கு வருவதே இல்லை. முன்னாலிருந்து பழக்கினால் இதற்கு நேர்மாறு: அருவருப்பான பகுதி அவனுக்கு, பளபளக்கும் பகுதி உங்களுக்கு.

சிங்க் முன்னே நிற்க அகலமான, ஆடாத ஸ்டூல் வேண்டும். விளிம்பு அவன் முழங்கைக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு தேய்ப்பான், மூன்றாவது தட்டில் கை வலிக்கும், அதை நாம் சோம்பல் என்போம். சோப்புத் திரவத்தைப் புட்டியோடு கொடுத்தால் பாதி காலியாகும், நுரை அலசி மாளாது. ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கலந்து கிண்ணத்தில் வையுங்கள். முதலில் டம்ளர், பிறகு கரண்டி, பிறகு தட்டு, எண்ணெய்ப் பிசுக்குள்ளது கடைசி. பிசுக்கு முதலில் வந்தால் நாரில் ஏறி எல்லாவற்றிலும் ஒட்டிவிடும். எல்லாப் பிள்ளைகளும் செய்யும் ஒரே தவறு, தட்டின் முகத்தை மட்டும் தேய்த்து முதுகையும் விளிம்பையும் விட்டுவிடுவது. "சரியா தேய்" என்று சொல்வதில் பயனில்லை. ஈர விரலை விளிம்பில் ஓட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்: வழுக்கினால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, கீச்சென்றால் போயிற்று. கத்தியும் கண்ணாடியும் நுரைத் தண்ணீருக்குள் போகவே கூடாது, உள்ளே கிடப்பது கண்ணுக்குத் தெரியாது.

நான்கு முறை கூப்பிடும் சிக்கலுக்கு வருவோம். வேலையைக் கடிகாரத்தோடு கட்டாமல் இன்னொரு செயலோடு கட்டுங்கள். "ஆறு மணிக்கு" என்றால் ஞாபகப்படுத்துவது உங்கள் வேலையாகிவிடும். "சாப்பிட்டு எழுந்ததும்" என்றால் எழுவதே ஞாபகப்படுத்தும். ஒரே வேலையை மாதக்கணக்கில் அவனிடமே விடுங்கள்; வாரம் ஒரு வேலை என்று சுழற்றும் முறை பார்க்க நியாயமாக இருக்கும், ஆனால் எதுவும் கைக்குப் பழகாது. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை பிடித்தது. அதுவும் பெரியவர்களுக்கு. ஆகவே மூன்றாம் வாரத்தில் அவன் மறந்தால் உங்கள் முயற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

அவன் அடுக்கிய பாத்திரத்தை அவன் கண்முன்னே எடுத்து மறுபடி அடுக்காதீர்கள். ஒருமுறை செய்தால் போதும், "எப்படியும் அம்மா திரும்பச் செய்வாங்க" என்று பதிந்துவிடும். பொறுக்க முடியாவிட்டால் அவன் தூங்கிய பிறகு செய்யுங்கள். வேலையைத் தண்டனையாகக் கொடுப்பதும் வேண்டாம். தங்கையை அடித்ததற்கு வீடு பெருக்க வைத்தால் பெருக்குதல் தண்டனையின் பெயராகிவிடும். செய்யாமல் விட்டதன் விளைவு அந்த வேலையிலிருந்தே வரட்டும். கூடைக்கு வராத துணி துவைக்கப்படாது, அவ்வளவுதான். அதைச் சொல்லிக்காட்டவும் வேண்டாம். பாராட்டிலும் "நீ தங்கமான பிள்ளை" என்பதைவிட "தரை காஞ்சிடுச்சு, இனி யாரும் வழுக்கி விழமாட்டாங்க" என்பது நல்லது. வேலை எதற்காக என்பது அதில் இருக்கிறது. நல்ல பிள்ளை என்ற பட்டத்தை நாளை ஒரு தட்டு உடைந்தால் பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

காசு பற்றி. பரிசு ஆர்வத்தைக் குறைக்கும் என்பதற்கு மேலே சொன்ன சோதனையும், 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர் இருவரும் நர்சரிப் பிள்ளைகளிடம் செய்த சோதனையும் உண்டு: படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள் பிறகு ஓய்வு நேரத்தில் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் அது ஏற்கெனவே பிடித்த செயலைப் பற்றியது. ஏழு வயதுப் பையனுக்குப் பாத்திரம் கழுவுவது பிடித்த செயல் அல்லவே, ஆகவே அப்படியே பொருத்திவிட முடியாது. என் கருத்து: தன் தட்டு, தன் துணி, எல்லோரும் புழங்கும் தரை இவற்றுக்குக் காசு வேண்டாம். கொடுத்தால் ஒருநாள் "எனக்குக் காசு வேண்டாம், வேலையும் வேண்டாம்" என்பான். அந்தப் பேரத்தில் அவன் பேச்சு சரியாகவே இருக்கும். கைச்செலவுக்குக் கொடுப்பதைத் தனியாகக் கொடுங்கள். வண்டி கழுவுவது, பரண் ஒழிப்பது போன்ற எப்போதாவது வரும் பெரிய வேலைக்குக் கூலி பேசிக்கொள்வதில் தவறில்லை.

சந்தேகத்துக்குரிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலை செய்து வளர்ந்த பிள்ளைகள் வாழ்வில் வெற்றி பெறுவதாக ஹார்வர்ட் ஆய்வு நிரூபித்துவிட்டது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். மூலத்தில் இருப்பது வேறு: பாஸ்டன் நகரத்துச் சுமார் 450 ஆண்களைச் சிறுவயதிலிருந்து நடுவயதுவரை தொடர்ந்து பார்த்து மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலன்ட் 1981-இல் எழுதியது. பகுதிநேர வேலை, வீட்டு வேலை, பள்ளி உழைப்பு எல்லாம் சேர்த்துப் போட்ட ஒரே மதிப்பெண் அதில் இருந்தது, வீட்டு வேலையைத் தனியாக அளக்கவில்லை. சிறுவயது உழைப்பும் பிற்கால நல்வாழ்வும் சேர்ந்து காணப்பட்டன, ஒன்றால் மற்றது வந்தது என்பதல்ல. பாத்திரம் கழுவினால் பெரிய ஆளாவான் என்று வாக்குறுதி கொடுக்காதீர்கள். வீட்டில் சாப்பிடும் நால்வரில் ஒருவன் அவன், அந்தக் காரணமே போதும்.

பாதுகாப்பில் மட்டும் தளர்வு கூடாது. மாப் போட்ட வாளியைத் தண்ணீரோடு விட்டு நகராதீர்கள். சின்னக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை கனம், குப்புற விழுந்தால் கையூன்றி எழ முடியாது, சில சென்டிமீட்டர் தண்ணீரே உயிரை வாங்கிவிடும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதையும் மறந்துவிடுகிறோம். எட்டு லிட்டர் தண்ணீர் ஏழு வயதுப் பிள்ளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிடும். இரண்டு லிட்டருக்கு மேல் தூக்கச் சொல்லாதீர்கள். ப்ளீச்சிங் திரவமும் கழிவறை ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு வரும், அதனால் கழிவறை கழுவும் ரசாயனங்கள் பதின்வயது வரை பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஹீட்டரை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும்.

ஒன்பது, பத்து வயதில் துணியைத் துவைக்கும் இயந்திரத்தில் போடுவது, மாப் போடுவது, காய் நறுக்குவது; பதினொன்று, பன்னிரண்டில் நீங்கள் பக்கத்தில் நிற்க அடுப்பு; பதின்வயதில் ஒரு வேளைச் சமையலை யோசிப்பதிலிருந்து அடுப்படி துடைப்பது வரை. வேலை கனப்பதைவிட, வேலையைக் கவனிக்கும் பொறுப்பு கைமாறுவது முக்கியம். சோப்பு தீர்ந்துவிட்டதை யார் முதலில் பார்க்கிறார் என்பதில்தான் அது தெரியும்.

உங்கள் வீட்டில் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. ஆசையாக ஓடி வருபவள் மகள், மறுப்பவன் மகன். இப்படியே விட்டால் ஐந்து வருடத்தில் வேலை முழுவதும் தானாகவே அவள் பக்கம் சாய்ந்துவிடும், யாரும் திட்டமிட்டுச் செய்யாமலே. 5 முதல் 14 வயதுவரையுள்ள பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட 40 சதவீதம் அதிக நேரத்தைக் கூலியில்லாத வீட்டு வேலையில் செலவிடுகிறார்கள் என்று யுனிசெஃப் 2016-இல் கணக்குச் சொன்னது. அவனுக்கு நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிட வேலை இருக்கட்டும். அவளுக்கு ஏழு வயதாகும்போதும் அதே அளவுதான், அதற்கு மேல் வேண்டாம். அதோடு, வீட்டில் ஆண்கள் யாரும் தட்டை எடுத்து வைக்காதபோது அவனிடம் மட்டும் கேட்பது எடுபடாது.

கடைசியாக ஓர் எல்லை. இதெல்லாம் வழக்கமான வளர்ச்சியுள்ள பிள்ளைகளுக்கு. ஏழு வயதிலும் பட்டன் போடத் திணறுகிறான், இரண்டு கையும் சேர்ந்து செய்யும் எதையும் தவிர்க்கிறான், இரண்டு படிக் கட்டளையும் மனதில் நிற்பதில்லை என்றால், மறுப்பு என்று தெரிவது இயலாமையாக இருக்கலாம். அதை எழுத்தில் படித்து யாரும் சொல்லிவிட முடியாது. குழந்தை மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் அவன் செய்வதை நேரில் பார்க்கட்டும். அதுவரை துடைத்து அடுக்கும் வேலையை அவனிடமே விட்டு வையுங்கள்.